மூணாறு தலைப்பில் அடைப்பு

அரைஞாணைக் கழற்ற மாட்டேன் என்று தங்கராசு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளி அரைஞாண். எம்.ஆர்.ஐ. அறைக்குள் நகை நட்டு எதுவும் போகக் கூடாது என்பது எங்கள் சட்டம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்று எனக்கும் தெரியும். ஆனால் வயிற்றைப் படம் எடுக்கும்போது இடுப்பில் அது கிடந்தால் படம் கெடும், சூடேறித் தோலைச் சுட்டாலும் சுடும். எங்கள் டெக்னீஷியன் முதலில் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு பக்குவமில்லாமலும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நானே எழுந்து போனேன்.

அறுபது தாண்டிய மனிதர். பச்சை கவுனுக்குள் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் மஞ்சள். கை ஓயாமல் முழங்கையைச் சொறிந்தபடி இருந்தது. பித்தம் ரத்தத்தில் ஏறினால் அப்படித்தான் அரிக்கும், தூங்க விடாது.

"ஆம்பளைக்கு அரைஞாணை எப்ப எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா டாக்டரம்மா?" என்றார்.

தெரியும். குளிப்பாட்டிப் பாடையில் ஏற்றுவதற்கு முன்னால். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

அவர் மனைவி மல்லிகா கைப்பையைத் திறந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்தார். இப்படி நடக்கும் என்று வரும்போதே கடைத்தெருவில் வாங்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். முதலில் அந்தக் கயிற்றைக் கணவர் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். அதற்கப்புறம்தான் வெள்ளியின் கொக்கியைத் தொட்டார். அந்த இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இல்லை. கழற்றிய வெள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டு, இப்ப போங்க என்று அவரை எழுப்பிவிட்டார்.

நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். டெக்னீஷியன் கூப்பிட்டது காதில் விழவில்லை. ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இருட்டில் ஓர் ஆறு

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு அம்மாள், நீங்கள் என்ன டாக்டர் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை என்று எழுதிக் கேட்டிருந்தார். என் சொந்தக்காரர்களுக்கே புரியவில்லை, அவரைச் சொல்லி என்ன? நான் நாடி பிடிப்பதில்லை, ஊசி போடுவதில்லை, மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்க்கிறேன். படத்தில் தெரிவதை எழுதிக் கொடுக்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது, "அப்ப நீங்க போட்டோகிராபரா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் கவனிக்கிறேன்.

படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது பித்தக் குழாயின் படம்தான். கறுப்புத் திரையில் குழாய்கள் மட்டும் வெள்ளையாக எழும்பி வரும். கல்லீரலுக்குள் மெல்லிய இழைகளாகத் தொடங்கி, இரண்டு கிளைகளாகத் திரண்டு, ஓரிடத்தில் கூடி, ஒரே குழாயாகக் குடலுக்கு இறங்கும்.

என் கணவர் பாசனப் பிரிவில் இன்ஜினியர். சாயங்காலம் என்னை அழைத்துப் போக வருகிறவர், என் தோளுக்குப் பின்னால் நின்று இந்தப் படங்களைப் பார்ப்பார். "இது வெண்ணாறு, இது கோரையாறு" என்று விரல் வைத்துக் காட்டுவார். கிளைகள் கூடும் இடத்துக்கு மூணாறு தலைப்பு என்று பெயர் வைத்தார். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடம் அது. பல வருஷம் அந்த ஷட்டர்கள் அவர் பொறுப்பில்தான் இருந்தன. அங்கே ஒன்று மூன்றாகும், இங்கே இரண்டு ஒன்றாகிறது, தண்ணீர் தலைகீழாக ஓடுகிறதே என்று நான் குறை சொல்வேன். "தண்ணி எந்தப் பக்கம் ஓடுனா என்ன? அடைப்பு எங்கங்கிறதுதான் கேள்வி" என்பார்.

அவர் சொன்னது சரி. என் வேலை முழுவதும் அந்தக் கேள்விதான். அடைப்பு எங்கே, அடைத்தது யார்?

வேஷக்காரர்கள்

பித்தக் குழாயில் புற்றுநோய் வந்தால், குழாயின் சுவர் தடித்து வழி குறுகும். அதற்கு மேலே பித்தம் தேங்கிக் கிளைகள் வீங்கும். படத்தில் பார்த்தால் தெரியும். தெரிவதில் கஷ்டம் இல்லை. அதே மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பிரித்துச் சொல்வதில்தான் கஷ்டம்.

கல் வந்து உட்காரும். பித்தப்பைக் கழுத்தில் சிக்கிய கல், வெளியே இருந்துகொண்டே குழாயை நெருக்கும். பழைய ஆபரேஷனின் தழும்பு குழாயைச் சுருக்கும். காசநோயில் வீங்கிய நெறிக்கட்டி பக்கத்தில் இருந்து அழுத்தும்.

திருப்பனந்தாள் பக்கமிருந்து ஒரு பெண்மணிக்கு ஒருமுறை கட்டி என்று சந்தேகப்பட்டு அனுப்பியிருந்தார்கள். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தேன். குழாய்க்குள் நீளமாக ஏதோ இருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது நெளிந்தது. கட்டி நெளியாது. நாக்குப்பூச்சி! குடலில் இருந்து ஏறிக் குழாய்க்குள் போய்விட்டிருந்தது. கூட வந்த மாமியார் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆணா, பொண்ணாங்க?" என்று கேட்டார். அதைச் சொல்வது சட்டப்படி குற்றம் என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த வேஷக்காரர்களில் மகா கெட்டிக்காரன் ஒருவன் உண்டு. உடம்பின் காவலுக்கு இருக்கும் அணுக்களே புத்தி கெட்டுப் போய்ப் பித்தக் குழாயின் சுவரில் கூடிவிடும் நோய். சுவர் தடிக்கும், வழி குறுகும், கண் மஞ்சளாகும், உடம்பு இளைக்கும். அச்சு அசலாகப் புற்றுநோய். ஆனால் இதற்குக் கத்தி வேண்டாம், ஸ்டீராய்டு மாத்திரைக்கே சுருங்கிவிடும். இதைப் புற்றுநோய் என்று நினைத்துப் பாதிக் கல்லீரலை அறுத்து எடுத்துவிட்டு, பிறகு கையைப் பிசைந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. புற்றுநோயை இது என்று நினைத்து நாளைக் கடத்தினாலோ, அப்புறம் அறுக்கவும் வழி இருக்காது.

தங்கராசுவின் முதல் படத்தில் அடைப்பு சரியாக மூணாறு தலைப்பில் இருந்தது.

ரிட்டயர்டு ஆயிட்டார்

படம் எடுத்து முடித்ததும் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். என்ன தெரியுது என்று கேட்டார். முழுசும் சர்ஜன்தான் சொல்வார் என்றேன். நகரவில்லை. எந்த ஊர் என்றேன். நீடாமங்கலத்துக்குப் பக்கம், குத்தகைக்கு நிலம் பார்க்கிறேன் என்றார். அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. உங்க ஊர் மூணாறு தலைப்பு மாதிரி ஓர் இடம் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது, அங்கே ஷட்டர் பாதி இறங்கிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. தலைப்பை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்தார் என்றேன்.

"தாடி வச்சிருப்பாங்களே, அந்த சாரா?"

ஆமாம் என்றேன்.

தண்ணீர் தட்டுப்பாடான ஒரு வருஷம், கடைமடைக்குத் தண்ணீர் ஏறியதா என்று பார்க்க வரப்பிலேயே நடந்து வந்தவர் அவர்தானாம். எங்கள் வயலில் கால் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார், செருப்பைக் கையில் பிடித்திருந்தார் என்று தங்கராசு சொன்னார். அவரிடம் பழகிய எல்லோரும் அந்தச் செருப்பைச் சொல்வார்கள்.

"சார் இப்ப எங்க இருக்காங்க?"

மஞ்சள் கண்ணோடு ஒரு மனிதர் எதிரே நிற்கிறார். இவருக்கு இருக்குமோ என்று நாங்கள் பயப்படும் அதே நோய்தான், அதே இடத்தில்தான், என் கணவருக்கும் வந்தது. என்ன சொல்வது?

"ரிட்டயர்டு ஆயிட்டார்" என்றேன்.

கறுப்புக் கயிறு

ரிட்டயர்டு ஆகத்தான் இன்னும் இரண்டு வருஷம் இருந்தது என் கணவருக்கு.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், மோர்க்குழம்பு ஏன் இவ்வளவு மஞ்சள் என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். குழம்பு சரியாகத்தான் இருந்தது.

எங்கள் சென்டரிலேயே படம் எடுத்தோம். அவரும் அரைஞாண் போட்டிருந்தார், அவர் அம்மா போட்டுவிட்ட வெள்ளி. நான் டாக்டர்தான், ஆனாலும் வெறும் இடுப்போடு அவரை உள்ளே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஒரு கறுப்புக் கயிறு வாங்கிவரச் சொல்லி நானே கட்டினேன். ரிசல்ட் வந்ததும் வெள்ளியைத் திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றேன். "பத்திரமா வை, தொலைச்சிடாத" என்றார்.

படம் திரையில் எழும்பியபோது பக்கத்தில் வந்து நின்றார். வழக்கம்போல விரல் வைத்தார். "தலைப்புலதானே?" என்றார். அவருக்கு என் பதில் தேவைப்படவில்லை.

கும்பகோணத்தில் நஸீமா என்று எனக்கு ஒரு தோழி உண்டு, அவளும் என்னைப் போலப் படம் பார்க்கிறவள். பெயர் சொல்லாமல் அவளுக்கு அனுப்பினேன். வேஷக்காரனாக இருக்கலாம் இல்லையா என்று கேட்டேன். அவளுக்கு என் குரலே காட்டிக்கொடுத்துவிட்டது. "கட்டிதாண்டி" என்றாள்.

நோய் இரண்டு பக்கக் கிளைகளிலும் ஏறியிருந்தது. கத்தி வைக்க இடமில்லை என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். மாதிரி எடுத்த பரிசோதனை மட்டும் இரண்டுங்கெட்டானாக வந்தது. இழக்க ஒன்றுமில்லை என்பதால், ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு ஒப்புக்கொண்டார்கள். மாத்திரை கொடுத்த அந்த நாட்களில் நான் கும்பிடாத சாமி இல்லை. மறுபடி படம் எடுத்தோம். இம்மியும் குறையவில்லை.

மேட்டூர் திறந்த தண்ணீர் தலைப்புக்கு வந்து சேர்ந்த வாரத்தில் அவர் போனார். முறைப்படி இடுப்புக் கயிற்றை அறுத்தார்கள். அறுத்தது நான் கட்டிய கறுப்புக் கயிற்றைத்தான். வெள்ளி முழுசாக என் பீரோவில் இருக்கிறது.

அன்று முதல் எனக்கு ஒரு வியாதி. தலைப்பில் அடைப்போடு எந்தப் படம் வந்தாலும், வேஷக்காரனாக இருக்க வேண்டும் என்று மனசு கிடந்து ஏங்கும். படம் பார்க்கிறவளுக்கு இதைவிடக் கெட்ட வியாதி கிடையாது. ஆசையோடு பார்க்கும் கண் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும்.

இரண்டாவது படம்

தங்கராசுவுக்குப் புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று முடிவாயிற்று. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். கணையத்தின் வால் கொஞ்சம் மொழுமொழுவென்று தெரிகிறது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கணையத்தின் விளிம்பு பாகற்காய் மாதிரி மேடு பள்ளமாக இருக்க வேண்டும். அந்த வேஷக்காரன் கணையத்தையும் தொட்டால் விளிம்பு மழுங்கிவிடும். ஆனால் வயசானாலும், படம் எடுக்கும்போது மூச்சை விட்டுவிட்டாலும் அப்படித் தெரியலாம். அந்த ஒரு வரியை வைத்து ஆபரேஷனை நிறுத்த முடியாது.

சென்னையில் பாதிக் கல்லீரலை எடுக்கும் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். சில வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கண் மஞ்சள் கொஞ்சம் இறங்கிவிட்டது. குழாய் வைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை, எப்படி இறங்கும் என்று சர்ஜன் இன்னொரு படம் கேட்டார். மறுபடி மல்லிகா, மறுபடி கறுப்புக் கயிறு, மறுபடி முந்தானையில் வெள்ளி.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குறுகல் குறைந்திருந்தது. வீங்கிய கிளைகள் வடிந்திருந்தன. கணையத்தின் வாலில் பாகற்காய் திரும்ப வந்திருந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. சர்ஜன் கேட்டது ஒரே கேள்வி: அறுக்கவா, நிறுத்தவா? நான் நிறுத்தச் சொல்லி அது புற்றுநோயாக இருந்தால், இந்த மனிதரைக் கொன்றது என் ஆசை. தானாகச் சுருங்கும் புற்றுநோய் எங்கே இருக்கிறது? ஆனால் மருந்தில்லாமல் சுருங்கும் வேஷக்காரனை நம்புவதும் சுலபமில்லை.

நஸீமாவுக்கு அனுப்பினேன். எது முந்திய படம், எது பிந்திய படம் என்று சொல்லவில்லை. அவள் கூப்பிட்டாள்.

"ரெண்டாவது அனுப்புனதுல சுருங்கியிருக்குடி" என்றாள்.

எனக்கு ஆசையில் அப்படித் தெரிகிறதோ என்று பார்த்தேன் என்றேன்.

"உனக்கு ஆசைதான். எனக்கு இல்லையே. ஸ்டீராய்டு கொடுத்தாங்களான்னு விசாரி."

யாரும் கொடுக்கவில்லை என்றேன். நல்லா விசாரி என்று வைத்துவிட்டாள்.

அது மருந்தா?

மல்லிகா வெளியே பெஞ்சில் முந்தானை முடிச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன மருந்து கொடுத்தீங்க என்றேன். ஒண்ணுமில்லீங்க என்றார். திட்ட மாட்டேன் சொல்லுங்க என்றேன். கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மஞ்சள் இறங்கியது அதனால்தான் என்று ஊரே சொல்கிறதாம்.

கீழாநெல்லியின் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் தடித்த குழாய்ச் சுவரை அது கரைத்து நான் பார்த்ததில்லை. வேறு மாத்திரை ஏதாவது என்றேன். சத்தியமாக இல்லை என்றார்.

எழுந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து தங்கராசு உடை மாற்றிக்கொண்டு வந்தார். போன முறை சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தவர், இப்போது விறுவிறுவென்று வருகிறார். கால் தேவலையா என்று சும்மாதான் கேட்டேன்.

"முட்டி வலி இருந்தா நடவு பார்க்க முடியுங்களா டாக்டரம்மா? ஆபரேஷன்னு படுத்துட்டா சம்பா போயிடும். அதுக்குள்ள முடிச்சிடணும்னு ரெண்டு வேளையும் ஒரு செட் போட்டுக்கிட்டேன்."

மெடிக்கல் கடையில் போய் "முட்டி வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டு வாங்கும் மாத்திரைப் பொட்டலம். டெல்டாவில் நடவுக் காலத்தில் இது டீக்குச் சமம். இவ்வளவு கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்று மல்லிகாவைப் பார்த்தேன்.

"அது வலி மாத்திரைங்க. அது மருந்தா?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

கைப்பையில் ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தது. பிரித்தேன். பெரிய மாத்திரைகளுக்கு நடுவே பொடியாக ஒன்று. கடைக்காரருக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினார். என் குரல் ஏறியதும் பெயரைச் சொன்னார். ஸ்டீராய்டு.

நான் என் கணவருக்காகக் கெஞ்சி வாங்கிப் பலிக்காத மருந்து. இந்த மனிதர் நடவுக்காக டீயோடு விழுங்கியிருக்கிறார், பலித்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சர்ஜனிடம் பேசினேன். கத்தியை நிறுத்துங்கள், முழுசாக நிறுத்த வேண்டாம், மாதிரி எடுத்துப் பார்க்கும்வரை நிறுத்துங்கள் என்றேன். எண்டோஸ்கோப் விட்டு மாதிரி எடுத்தார்கள். புற்றுநோய் அணு எதுவும் இல்லை, அந்த வேஷக்காரனின் அடையாளங்கள் இருந்தன. முறையான அளவில், முறையான டாக்டரின் கண்காணிப்பில் மருந்து தொடங்கியது.

இதைப் படித்துவிட்டு யாராவது மெடிக்கலில் போய் "செட்" கேட்டால், வீடு தேடி வந்து திட்டுவேன். அந்தப் பொடி மாத்திரை நோயை மறைக்கும், எலும்பைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றும். தங்கராசுவுக்கு நடந்தது வைத்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

சொல்லச் சொன்னார்

அறுவடை முடிந்து, வழியெல்லாம் சாலையில் வைக்கோல் கிடந்த ஒரு நாளில் கடைசிப் படத்துக்கு வந்தார்கள். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. சொறிகிற கை மடியில் சும்மா கிடந்தது. படத்தில் தலைப்பு திறந்திருந்தது. மேலே இருந்து கீழே வரை ஒரே வெள்ளை ஓட்டம். நான் தேவைக்கு அதிகமாகவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோளுக்குப் பின்னால் ஒரு விரல் வராதா என்று இருந்தது.

வெளியே மல்லிகா முந்தானையை அவிழ்த்து வெள்ளியைக் கணவர் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தார். கொக்கி எட்டவில்லை. மாத்திரையில் உடம்பு போட்டுவிட்டது. வயித்தை உள்ள இழுங்க என்று அதட்டினார். அவர் இழுத்தார், அப்படியும் எட்டவில்லை. ஆசாரியிடம் கொடுத்து இரண்டு கண்ணி கூட்ட வேண்டும் என்று சொல்லி மல்லிகா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்த பெஞ்சில் நான் அதிகம் பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த அம்மாள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கிளம்பும்போது தங்கராசு திரும்பி வந்தார்.

"தலைப்பு திறந்தாச்சுன்னு சார்கிட்ட சொல்லுங்க டாக்டரம்மா. அவங்க சந்தோஷப்படுவாங்க."

சொல்றேன் என்றேன்.

வீட்டுக்குப் போனதும் கைப்பையைக்கூட வைக்காமல் பீரோவைத் திறந்தேன். அவருடைய மடித்த வேட்டிகளுக்கு அடியில் வெள்ளி இருந்தது. கறுத்துப் போயிருந்தது. தொலைக்கவில்லை, பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். கையில் எடுத்தேன். உள்ளங்கையில் ஜில்லென்று இருந்தது, கொஞ்ச நேரத்தில் என் சூடு ஏறிற்று.

"ஏங்க, தலைப்பு திறந்தாச்சாம்" என்றேன். "தங்கராசு சொல்லச் சொன்னார்."